வாசலில் எடுத்த கணக்கு

சத்திரம் – திருவெறும்பூர் பஸ்ஸில்
12 ஆகஸ்ட் 2024

என் மெஹ்ரீனுக்கு,

உன் ரயில் நேரத்துக்கு வருகிறதா? என் பஸ் வருவதில்லை. சத்திரம் பஸ் நிலையத்தில் கால் கடுக்க நின்று இப்போதுதான் ஒரு ஜன்னலோரம் கிடைத்தது. பால்பண்ணை தாண்டுவதற்குள் பாதியாவது எழுதிவிட வேண்டும். வேலைக்குப் போகிற வழியில்தான் கடிதம், வீட்டில் உட்கார்ந்து எழுதுவதில்லை என்று நாம் வைத்துக்கொண்ட வழக்கத்தை லண்டன் போன பிறகும் நீ விடவில்லை. வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் நாம் இரண்டு பேரும் யாருக்கும் எழுத மாட்டோம் என்பது தெரிந்த விஷயம்தானே.

உங்கள் அலுவலகம் பணம் கொடுத்த பயண ஆய்வில் முதல் சுற்று முடிந்தது. துவாக்குடி கம்பெனி வாசலில், ஷிப்ட் மாறும் நேரத்தில், என் மாணவிகளோடு நின்று கேட்டோம். எங்கிருந்து வருகிறீர்கள், எதில் வருகிறீர்கள், எவ்வளவு நேரமாகிறது. கடைசியில் நம் பாடப்புத்தகக் கேள்வி: பயணம் பாதியாகக் குறையும் என்றால் சம்பளத்தில் எவ்வளவு விட்டுக்கொடுப்பீர்கள்? பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேணி அண்ணி மட்டும் நின்று யோசித்தார். "அந்த வேன்லதான் பவி நான் தூங்குறேன். அதை எதுக்குக் குறைக்கணும்? இன்னும் கொஞ்சம் சுத்திக்கிட்டுப் போகச் சொல்லு" என்றார். இதை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று நீயே சொல்.

என் அண்ணன் இறந்த பிறகு அண்ணி சிரித்து நான் பார்த்தது இந்த வேலையில் சேர்ந்த பிறகுதான். கம்பெனி வேன் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஏற்றி, கம்பெனி வாசலிலேயே இறக்கிவிடுகிறது. நான் இரண்டு பஸ் மாறி வியர்த்து வழிந்து காலேஜுக்குள் நுழைகிறேன். அண்ணி கட்டிய புடவை கசங்காமல் வேலைக்குப் போகிறார். பொறாமையாக இருக்கிறது.

நீ சேர்க்கச் சொன்ன கேள்வியையும் சேர்த்தேன். வேன் எத்தனை, டீசல் எவ்வளவு. டிரைவர் சவரிராயன் எதையும் மறைக்காமல் சொன்னார். உனக்கு எதற்கு இது?

சின்னக் கடை வீதியில் உன் அத்தாவைப் பார்த்தேன். கடைக்குள் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "எம் பொண்ணு எப்பம்மா வருது?" என்று கேட்டார். போன முறையும் இதையேதான் கேட்டார்.

காட்டூர் வந்துவிட்டது.

உன் பவி


ரயிலில், குராய்டன் தாண்டி
3 செப்டம்பர் 2024

பவிக் கண்ணுக்கு,

என் ரயிலும் நேரத்துக்கு வருவதில்லை. இங்கே மன்னிப்பு மட்டும் நேரத்துக்கு வருகிறது, ஒலிபெருக்கியில்.

டீசல் எதற்கு என்று கேட்டாயே. இங்கே ஆசிரியர்களும் நர்சுகளும் ஓய்வுக்காலத்துக்காகச் சேர்க்கிற பணத்தை எந்தக் கம்பெனியில் போடலாம் என்று சொல்வதுதான் எங்கள் வேலை. லாபம் மட்டும் போதாது, பூமியைக் கெடுக்காத கம்பெனியாகவும் இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். அதற்காக ஒவ்வொரு கம்பெனிக்கும் மார்க் போடுகிறோம். அண்ணி வேலை பார்க்கும் கம்பெனியின் தாய்க் கம்பெனி இப்போது என் மேசையில் இருக்கிறது. எத்தனையோ பேர் புகையை மழுப்பி எழுதி அனுப்புவார்கள். வேனின் டீசல்வரை கேட்டு வாங்கி அனுப்பியது நீ ஒருத்திதான். என் மேலதிகாரி உன் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், சரியாக வரவில்லை.

இந்த வேலைக்கு வந்தபோது நல்லது செய்யப் போகிறோம் என்று நினைத்தேன். இன்னமும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் சாயங்காலமானால் கண் எரிகிறது.

அண்ணிக்கு என் சலாம் சொல். பரீட்சை நேரத்தில் எனக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதம் அப்படியே நாக்கில் நிற்கிறது. அத்தாவிடம் இந்த வருடம் வருவேன் என்று சொல், இன்ஷா அல்லாஹ்.

உன் கடிதங்கள் சுருங்கிக்கொண்டே போகின்றன. பால்பண்ணைக்கு முன்னாலேயே இடம் பிடி.

உன் மெஹ்ரீன்


சத்திரம் – திருவெறும்பூர் பஸ்ஸில்
7 ஜனவரி 2025

என் மெஹ்ரீனுக்கு,

ஸ்ரீரங்கத்தில் ஏகாதசிக் கூட்டம். பஸ்ஸைக் காவிரிப் பாலத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடுகிறார்கள். பாலத்தை நடந்து கடந்து வந்து இதை எழுதுகிறேன், எழுத்து தள்ளாடினால் பொறுத்துக்கொள்.

வேனை நிறுத்திவிட்டார்கள்.

போன சனிக்கிழமை கம்பெனியில் ஒரு விழா வைத்தார்களாம். பசுமை ஆண்டு என்று பெயர். எல்லாருக்கும் ஆளுக்கொரு புங்கங்கன்று கொடுத்து, லட்டு கொடுத்து, கடைசியில் மைக்கில் சொல்லியிருக்கிறார்கள், அடுத்த வாரத்திலிருந்து வேன் கிடையாது என்று. பெண்கள் மடியில் கன்றை வைத்துக்கொண்டு கடைசி வேனில் வந்து இறங்கினார்கள். நான் அப்போது தெருமுனையில் நின்றிருந்தேன். ஏதோ கல்யாண வீட்டுத் தாம்பூலம் என்று நினைத்து, "யார் வீட்டுல விசேஷம்?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணிகூட வேலை பார்க்கும் பாப்பாயி கம்பெனி மேனேஜரிடம் நேராகவே கேட்டிருக்கிறாள். "மேல இருந்து மார்க் பாக்குறாங்கம்மா, வேன் புகைக்கு மார்க் போகுது" என்றாராம்.

மெஹ்ரீன், அந்த மேலே இருப்பது நீதானா?

உன் பவி


ரயிலில்
19 ஜனவரி 2025

பவி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் ஸ்டேஷனில் இறங்காமல் விட்டுவிட்டேன்.

நான் யாரிடமும் வேனை நிறுத்தச் சொல்லவில்லை. எங்கள் விதி இப்படி இருக்கிறது: கம்பெனி ஓட்டுகிற வண்டியின் புகை கம்பெனிக் கணக்கில் வரும். ஆட்கள் தாங்களாகப் பஸ்ஸிலோ பைக்கிலோ வந்தால் அது அவர்கள் சொந்தப் பயணம். அதைக் கணக்கில் காட்டுவதும் காட்டாததும் கம்பெனி விருப்பம். அதனால் வேன் நின்றால் மார்க் ஏறும். கேட்க அபத்தமாக இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. ஆனால் இந்த விதியை எழுதியது நானில்லை.

இந்த விதியை மாற்றச் சொல்லி அலுவலகத்துக்குள் ஒரு குறிப்பு எழுதுகிறேன். நேரம் பிடிக்கும். அதுவரை சமாளிக்க முடியாதா? அங்கே பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாதே.

அண்ணி என்மேல் கோபமாக இருக்கிறாரா?

மெஹ்ரீன்


சத்திரம் – திருவெறும்பூர் பஸ்ஸில், நின்றுகொண்டே
11 மார்ச் 2025

மெஹ்ரீனுக்கு,

டிக்கெட் கிடையாது, உண்மைதான். பஸ் வந்தால்தானே ஏறுவதற்கு. அண்ணிக்கு விடியற்காலை ஷிப்ட் என்றால் ஸ்ரீரங்கத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, சத்திரத்தில் மாறி, துவாக்குடியில் மெயின் ரோட்டில் இறங்கி, அங்கிருந்து உள்ளே நடக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் கேட்டை மூடி அரை நாள் சம்பளத்தை வெட்டிவிடுகிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறபோது அந்த மெயின் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். ஒரு நாள் ஒருத்தன் பைக்கை நிறுத்தி, கூட வருகிறாயா என்று கேட்டிருக்கிறான். அண்ணி அதை என்னிடம் சொல்லவில்லை. பாப்பாயி சொல்லித்தான் தெரிந்தது.

போன மாதக் கடைசியில் அண்ணி வேலையை விட்டுவிட்டார். "உடம்பு தாங்கல பவி" என்று மட்டும் சொன்னார். இப்போது நான் எழுந்திருக்கும் முன் சமையல் முடிந்திருக்கிறது, என் புடவைகூடத் தேய்த்து மடித்திருக்கிறது. துடைத்த அடுப்பையே திரும்பத் திரும்பத் துடைக்கிறார். அண்ணன் இறந்த வருடமும் அண்ணி இப்படித்தான் இருந்தார். எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கே எங்கள் காலேஜுக்கும் மார்க் போட ஒரு குழு வருகிறது. சுவருக்கு வெள்ளையடித்து, காய்ந்த புல்லுக்குப் பச்சை வலை விரித்து, ஆசிரியர்கள் எல்லாரும் ஃபைலோடு ஓடிக்கொண்டிருக்கிறோம். இரண்டாம் சுற்றுக் கணக்கெடுப்பை மாணவிகளே போய் எடுத்து வந்தார்கள். நான் பிரித்துக்கூடப் பார்க்காமல் நேற்று உனக்கு அனுப்பினேன். நீ பார்த்துக்கொள்.

நோன்பு நாளில் உன்னைக் கஷ்டப்படுத்துகிறேன். ஆனால் உன் குறிப்பு என்ன ஆயிற்று?

பவி


ரயிலில்
8 ஏப்ரல் 2025

என் பவிக்கு,

பெருநாள் நல்லபடியாகப் போனது, அல்ஹம்துலில்லாஹ். பிரியாணி நானே செய்தேன், குழைந்துவிட்டது.

ஒரு நல்ல செய்தி! உன் இரண்டாம் சுற்றைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பெனிப் பெண்கள் வேலைக்கு வருகிற சராசரித் தூரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. பயண நேரமும் குறைந்திருக்கிறது. "பயணம் சிரமமாக இருக்கிறதா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்றவர்கள்தான் அதிகம். வேன் நின்ற பிறகு பலர் கம்பெனிக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. நான் பயந்ததுபோல் இல்லை, பவி. அண்ணிக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் மொத்தத்தில் பார்த்தால் நிலைமை மோசமாகவில்லை.

மேலதிகாரிக்கு ஏக சந்தோஷம். ஜூனில் வரும் ஆண்டறிக்கையில் இதை ஓர் உதாரணமாகப் போடப் போகிறார்கள், நம் இரண்டு பேர் பெயரோடு. கல்லூரி நாளில் ஆசைப்பட்டோமே, ஒரே தாளில் இரண்டு பேர் பெயரும் வர வேண்டும் என்று. உன் இனிஷியல் ஒன்றா இரண்டா, எழுது.

என் குறிப்புக்கு இனித் தேவை இருக்காது என்று நினைக்கிறேன்.

உன் மெஹ்ரீன்


சத்திரம் – திருவெறும்பூர் பஸ்ஸில்
22 ஏப்ரல் 2025

மெஹ்ரீன்,

உன் கடிதம் வந்த அன்றே கணக்கெடுப்பை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊரே சித்திரைத் தேருக்குத் தயாராகிறது, நான் காலேஜுக்குத் தவிர வாசல் தாண்டவில்லை.

யாரும் வீடு மாறவில்லை. தூரத்திலிருந்து வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டார்கள். ஸ்ரீரங்கத்துப் பெண்கள், திருவானைக்காவல் பெண்கள், ஜீயபுரத்துப் பெண்கள், வேனில் வந்த அத்தனை பேரிலும் இரண்டாம் சுற்றில் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். அவர்கள் இடத்தில் வேறு மாவட்டத்திலிருந்து சின்னப் பெண்களைக் கொண்டுவந்து கம்பெனிக்குப் பின்னாலேயே ஹாஸ்டலில் தங்கவைத்திருக்கிறார்கள். படுக்கையிலிருந்து எழுந்து வேலைக்குப் போகும் பெண்ணுக்குத் தூரம் ஏது? சிரமமா என்று கேட்டால் இல்லை என்றுதானே சொல்லும்.

நாம் வாசலில் நின்று கேட்டோம். வாசலுக்கு வர முடிந்தவர்கள் பதில் சொன்னார்கள். வர முடியாமல் போனவர்களை எங்கே கேட்டோம்? என் வீட்டிலேயே ஒருத்தர் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், அவரைக்கூட நான் கேட்கவில்லை. முதலாமாண்டு மாணவிக்கு நான் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. வெள்ளையடிக்கிற அவசரத்தில் நானே கோட்டைவிட்டேன். ஆத்திரமாக வருகிறது, உன்மேல் பாதி, என்மேல் பாதி.

அந்த உதாரணம் அச்சுக்குப் போகக் கூடாது. அது வந்துவிட்டால் எல்லாக் கம்பெனியும் வேனை நிறுத்தும், நிறுத்திவிட்டு நம் பெயரைக் காட்டும். உன்னால் நிறுத்த முடியும். நிறுத்து.

பவித்ரா


ரயிலில்
16 மே 2025

பவி,

நீ சொல்வது சரி. படித்த நிமிஷமே தெரிந்துவிட்டது, இத்தனை நாளாக எப்படித் தெரியாமல் போயிற்று என்றுதான் தெரியவில்லை.

ஆனால் அறிக்கை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. இப்போது போய்த் தப்பு என்று சொன்னால் இதை மட்டும் எடுத்துவிட்டுப் போக மாட்டார்கள், நான் போட்ட மார்க் எல்லாவற்றையும் தோண்டுவார்கள். என் ஒப்பந்தம் ஜூலையில் முடிகிறது. நீட்டினால்தான் விசா. பன்னிரண்டு வருட உழைப்பு பவி. அத்தா முழுக் கடையையும் விற்றுப் படிக்கவைக்கவில்லைதான், ஆனால் பாதிக் கடையை விற்றார்.

ஒன்று செய்யலாம். அண்ணிக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கிக் கொடு, பணம் நான் அனுப்புகிறேன். அண்ணி மறுபடி வேலைக்குப் போனால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும். மறுக்காதே.

மெஹ்ரீன்


திருவெறும்பூர் பஸ்ஸில்
9 ஜூன் 2025

மெஹ்ரீனுக்கு,

உன் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். ஸ்கூட்டி என்றதும் எனக்கு வந்த கோபத்தில், உனக்கு இனி எழுதவே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணிதான் தடுத்தார். "அந்தப் பொண்ணு நல்ல மனசோடதான் சொல்லுது, திட்டாதே. ஆனா எனக்கு மட்டும் வண்டி வந்தா, நாளைக்குப் பாப்பாயி மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? வேன்ல நாங்க அத்தனை பேரும்ல போனோம்" என்றார். அதற்குமேல் நான் என்ன எழுத?

கொல்லையில் அந்தப் புங்கங்கன்று துளிர்விட்டிருக்கிறது. பிடுங்கி எறியலாம் என்றேன். அது என்ன பாவம் செய்தது என்று தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்.

மூன்றாம் சுற்றை நானே எடுக்கப் போகிறேன், உங்கள் அலுவலகப் பணம் வேண்டாம். இந்த முறை கம்பெனி வாசலில் நிற்க மாட்டேன். வேன் நின்ற பழைய நிறுத்தங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய், அங்கே ஏறியவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்கப் போகிறேன். வழி காட்ட அண்ணி வருகிறேன் என்றிருக்கிறார். எந்தப் பெண் எந்தத் தெரு என்று அவருக்குத்தான் தெரியும். இதைச் சொன்னபோது பல மாதம் கழித்து அண்ணி குரலில் கொஞ்சம் உயிர் இருந்தது.

அந்த அறிக்கையில் என் பெயர் வேண்டாம். உன் பெயரை என்ன செய்வது என்று நீ முடிவு செய்துகொள். உன் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. புரிகிறது என்பதற்காகச் சரி என்று சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. எனக்கும் களைப்பாக இருக்கிறது.

பவித்ரா


சத்திரம் பஸ் நிலையத்தில்
14 ஜூலை 2025

மெஹ்ரீன்,

உன் அத்தா கடைப் பக்கம் போனேன். நீ போனை எடுத்தால் நன்றாயிருக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறாயாம். எனக்கு எழுதாவிட்டால் போகிறது. அவரிடம் ஒழுங்காகப் பேசு.

பவித்ரா


லண்டன், வீட்டில்
6 ஆகஸ்ட் 2025

பவி,

மேலே எழுதியிருக்கிற இடத்தைப் பார்த்திருப்பாய். ரயிலில் இல்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வழக்கத்தை மீறிவிட்டேன், வேறு வழியில்லை. காலையில் போவதற்கு இப்போது இடமில்லை.

உன் ஜூன் மாதக் கடிதத்தை நாலு நாள் பையில் வைத்துக்கொண்டு போய்வந்தேன். ஐந்தாம் நாள் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டார்கள், காபி கொடுத்தார்கள், நேர்மைக்கு நன்றி என்றார்கள். அறிக்கை வந்துவிட்டது. நம் இரண்டு பேர் பெயரும் அதில் இல்லை. உதாரணம் மட்டும் இருக்கிறது. உன் கணக்கை எடுத்துவிட்டுக் கம்பெனி கொடுத்த கணக்கைப் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர்களும் வாசலில்தானே எண்ணுவார்கள்.

என் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. இதனால்தான் என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அலுவலகத்தில் வருடாவருடம் ஊழியர்கள் மனநிறைவோடு இருக்கிறார்களா என்று ஒரு கணக்கெடுப்பு நடக்கும். இந்த வருடம் அடுத்த வாரம். நானும், என்னைப்போல முணுமுணுத்த இன்னும் இரண்டு பேரும் இப்போது அங்கே இல்லை. இந்த வருடம் மார்க் கூடும், பார்.

உனக்கு எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபமில்லை, வெட்கம். ஜெயித்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். வேனைத் திரும்ப ஓடவைக்க என்னால் முடியவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இருபத்து மூன்றாம் தேதி திருச்சிக்கு வருகிறேன். அத்தாவிடம் வேலை போனதை நான் நேரில் சொல்லிக்கொள்கிறேன், நான் வருவதை மட்டும் நீ சொல். ஸ்கூட்டிப் பேச்சை எடுத்ததற்கு அண்ணியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். எலுமிச்சைச் சாதம் கேட்டால் கோபித்துக்கொள்வாரா என்றும் விசாரித்து வை.

மூன்றாம் சுற்றில் எந்த நிறுத்தம்வரை வந்திருக்கிறாய்? மீதி இருந்தால் சொல், அந்த நிறுத்தத்துக்கே வந்து நிற்கிறேன். கார் எதுவும் அனுப்பாதே. எந்த பஸ் என்று மட்டும் எழுது.

உன் மெஹ்ரீன்